எந்த அலமாரியிலும் அடங்காதவர்: பெர்சிவல் எவரெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்சிவல் எவரெட் யார்? அறுபத்தேழு வயதில் அவர் திடீரென்று பேசப்பட்டது ஏன்?

1956 டிசம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் கார்டன் ராணுவத் தளத்தில் பிறந்து, தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில் வளர்ந்த கறுப்பின அமெரிக்க நாவலாசிரியர். தந்தை பல் மருத்துவர். 1998 முதல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருக்கிறார். 2024 மார்ச்சில் வெளியான 'ஜேம்ஸ்' நாவல் அதே ஆண்டில் கிர்கஸ் பரிசையும் அமெரிக்க தேசியப் புத்தக விருதையும், 2025 மே மாதம் புலிட்சர் பரிசையும் பெற்றது. புக்கர் பரிசின் குறும்பட்டியலிலும் அது இடம்பெற்றது.

'திடீரென்று' என்னும் சொல் நம்மைப் போன்ற வாசகர்களுக்குத்தான் பொருந்தும். முதல் நாவலை 1983இல் வெளியிட்ட அவர், 'ஜேம்ஸ்' வருவதற்கு முன்பே இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களும், சிறுகதைத் தொகுப்புகளும், கவிதை நூல்களும் எழுதி முடித்திருந்தார். நாற்பது ஆண்டுகள் ஒருவர் இடைவிடாமல் எழுதியும் பெரும்பாலான வாசகர்களின் கண்ணில் படாமல் போனது எப்படி என்பதுதான் அவரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி என்று நான் நினைக்கிறேன். அதற்கான விடையை அவரே ஒரு நாவலாக எழுதிவைத்திருக்கிறார். அதைப் பின்னர் பார்ப்போம்.

தத்துவம் படித்தவர் நாவலுக்கு வந்தது எப்படி?

மயாமி பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் இளங்கலை முடித்தபின், ஓரிகன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பைத் தொடங்கினார். மொழி எவ்வாறு பொருள் கொள்கிறது என்பதில், குறிப்பாக மொழித் தத்துவவாதி விட்கென்ஸ்டைனின் சிந்தனையில், அவருக்கு ஈடுபாடு இருந்தது. அந்தப் படிப்பை இடையில் விட்டுவிட்டு பிரவுன் பல்கலைக்கழகத்தில் புனைவெழுத்து பயின்று 1982இல் முதுகலைப் பட்டம் பெற்றார். தத்துவ வகுப்பை அவர் விட்டாரே தவிர, தத்துவம் அவரை விடவில்லை. ஒரு சொல்லை யார் சொல்கிறார், யாருக்காகச் சொல்கிறார், அது மாறும்போது பொருள் என்ன ஆகிறது என்னும் கேள்வி அவருடைய நாவல்களில் ஓயாமல் திரும்பி வருகிறது.

முதல் நாவலான 'சூடர்', சியாட்டில் மரினர்ஸ் அணிக்காக ஆடும் ஒரு பேஸ்பால் வீரனைப் பற்றியது. ஆட்டத்திலும் வீட்டிலும் எல்லாம் சரிந்துகொண்டிருக்கும்போது அவன் ஒரு சாக்ஸஃபோனையும் ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் இசைத்தட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். வழியில் ஒரு யானையும் அவனோடு சேர்ந்துகொள்கிறது. கடைசியில் பறப்பதற்கே ஆயத்தமாகிறான். முதல் நூலிலேயே இத்தனை சுதந்திரத்தோடு எழுதிய ஒருவரிடமிருந்து அடுத்த நூலில் என்ன வரும் என்று யாரால் ஊகிக்க முடியும்?

அவர் எந்த வகை எழுத்தாளர்?

இந்தக் கேள்விக்கு நேர்விடை இல்லாததுதான் அவருடைய தொழில்வாழ்வின் கதை. 1990இல் வந்த 'ஃபார் ஹெர் டார்க் ஸ்கின்' கிரேக்கத் தொன்மமான மெடியாவின் மறுகூறல். 1997இன் 'ஃப்ரென்ஸி' டயோனிசஸ் கடவுளைப் பற்றியது. 'காட்ஸ் கன்ட்ரி' (1994) கௌபாய்க் கதைகளைத் தலைகீழாக்கும் நையாண்டி. 'வாட்டர்ஷெட்' (1996) ஒரு நீரியல் வல்லுநர் பூர்வகுடி மக்களின் நிலப் போராட்டத்திற்குள் இழுக்கப்படும் கதை. 'கிளிஃப்' (1999) நாவலின் கதைசொல்லியோ, பேச மறுத்து, தாளில் எழுதிக்காட்டி, பிரெஞ்சு இலக்கியக் கோட்பாடுகளை அலசும் ஒரு கைக்குழந்தை. 2022இல் வெளியான 'டாக்டர் நோ'வில், 'ஒன்றுமில்லாமை'யையே ஆராயும் ஒரு கணிதப் பேராசிரியரிடம், திரைப்பட வில்லனாக வாழ ஆசைப்படும் ஒரு கோடீஸ்வரர் வந்து சேர்கிறார்.

அவர் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பழக்கியவர், ஓவியர், தூண்டில் மீன்பிடிப்பில் தேர்ந்தவர். இவையெல்லாம் அவர் கதைகளில் வெறும் அலங்காரமாக வருவதில்லை. ஒரு வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்னும் துல்லியத்தோடு வருகின்றன. அமெரிக்க மேற்கின் ஆறுகளையும் பண்ணைகளையும் அவர் எழுதும் பக்கங்களில் ஓர் அமைதி உண்டு. நையாண்டியாளர் என்று மட்டுமே அவரை அறிந்தவர்கள் அந்த அமைதியைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவு எழுதியும் நீண்ட காலம் அறியப்படாமல் இருந்தது ஏன்?

காரணங்களில் ஒன்று பதிப்புச் சூழல். அவருடைய நூல்களில் பலவற்றை மினியாபொலிஸ் நகரின் கிரேவுல்ஃப் போன்ற, லாப நோக்கற்ற சிறு பதிப்பகங்களும் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும்தான் வெளியிட்டன. அவர்கள் நூலை அன்போடு கொண்டுவருவார்கள். ஆனால் விமான நிலையக் கடைகளில் அடுக்கிவைக்கும் அளவுக்கு அவர்களிடம் பணம் இருக்காது. இதை ஓர் இழப்பாக மட்டும் நான் பார்க்கவில்லை. ஆண்டுக்கொரு விதமாக எழுதும் ஒருவரை, 'போன நூலைப் போலவே இன்னொன்று கொடுங்கள்' என்று வற்புறுத்தாமல் வளரவிட்டவையும் அந்தப் பதிப்பகங்களே.

ஆழமான காரணம் இன்னொன்று. கறுப்பின எழுத்தாளர் என்றால் கறுப்பினத் துயரத்தைப் பற்றி, குறிப்பிட்ட ஒரு மொழிநடையில், குறிப்பிட்ட ஒரு வறுமையை எழுத வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அமெரிக்கப் பதிப்புலகத்தில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. மெடியாவைப் பற்றியும் நீரியலைப் பற்றியும் எழுதும் கறுப்பரை எந்த அலமாரியில் வைப்பது என்று அந்தத் துறைக்குத் தெரியவில்லை.

'எரேஷர்' நாவலை அவருடைய திருப்புமுனை என்பது ஏன்?

மேலே சொன்ன அலமாரிக் கேள்வியையே அவர் கதையாக்கியது அதில்தான். 2001இல் வெளியான அந்நாவலின் நாயகன் தெலோனியஸ் எலிசன், நெருங்கியவர்களுக்கு மங்க். பேராசிரியர், கிரேக்க இலக்கியத்தை மறுஎழுத்தாக்கும் கடினமான நாவல்களின் ஆசிரியர். ஒரு புத்தகக் கடைக்குச் சென்று தன் நூல்களைத் தேடும் மங்க், புனைவுப் பகுதியில் அவற்றைக் காண்பதில்லை. அவை 'ஆப்பிரிக்க அமெரிக்கவியல்' என்னும் பகுதியில் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த நூல்களில் ஆப்பிரிக்க அமெரிக்கத்தன்மை என்று சொல்லத்தக்கது அட்டையில் உள்ள தன் புகைப்படம் மட்டுமே என்று அவன் குமுறுகிறான்.

இதற்கிடையே, சேரிவாழ்வைக் கொச்சையாகச் சித்திரிக்கும் வேறொருவரின் நாவல் 'உண்மையான கறுப்பின அனுபவம்' என்று கொண்டாடப்படுவதைக் கண்ட மங்க், கோபத்தில் அதே பாணியில் ஒரு கேலி நாவலைப் புனைபெயரில் எழுதித் தள்ளுகிறான். பதிப்பாளர்கள் அதை உண்மை என்றே நம்பிப் பெருந்தொகை தருகிறார்கள். பிறகு அது ஒரு பெரிய விருதுக்கும் பரிசீலிக்கப்படுகிறது. அந்த விருதின் நடுவர் குழுவில் மங்கும் ஒருவன். எவரெட் அந்தக் கேலி நாவலை ஓரிரு பத்திகளில் சுருக்கிச் சொல்லிக் கடந்துவிடவில்லை, முழுவதுமாகவே நூலின் நடுவில் அச்சிட்டிருக்கிறார். நாம் அதைப் படிக்கிறோம், சிரிக்கிறோம், பக்கங்களை வேகமாகப் புரட்டவும் செய்கிறோம். அந்த வேகம் நம்மையும் குற்றவாளியாக்குகிறது.

இத்தனை கூர்மையான நையாண்டியின் அடியில் ஒரு குடும்பக் கதை ஓடுகிறது. நினைவு தேய்ந்துகொண்டே போகும் தாய், கருக்கலைப்பு மருத்துவமனையில் பணியாற்றியதற்காகச் சுட்டுக்கொல்லப்படும் சகோதரி, தன் பாலீர்ப்பை இத்தனை காலம் மறைத்துவைத்திருந்த சகோதரன். தாய் தன்னையே மறந்துபோகும் பக்கங்களும் மகன் புனைபெயருக்குள் காணாமல் போகும் பக்கங்களும் அருகருகே நகர்கின்றன. 'அழித்தல்' என்று பொருள்படும் தலைப்புக்கு இன்னொரு கிளையும் உண்டு. ஓவியர் ராபர்ட் ரோஷன்பெர்க் 1953இல் வில்லெம் டி கூனிங்கிடம் ஓர் ஓவியத்தைக் கேட்டு வாங்கி, அதை அழித்து, அழிக்கப்பட்ட தாளையே தன் படைப்பாக வைத்தார். அவ்விருவரும் பேசிக்கொள்வதாக ஒரு கற்பனை உரையாடல் நாவலுக்குள் வருகிறது.

'அமெரிக்கன் ஃபிக்ஷன்' திரைப்படம் இந்த நாவலுக்கு உண்மையாக இருக்கிறதா?

கார்ட் ஜெஃபர்சன் இயக்கி, ஜெஃப்ரி ரைட் மங்காக நடித்த அந்தப் படம் 2023இல் வெளியாகி, 2024 மார்ச்சில் சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கரை வென்றது. கதையின் எலும்புக்கூடும் நகைச்சுவையும் படத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அது நாவலைவிட மென்மையானது. சகோதரியின் மரணம் படத்தில் மாரடைப்பாக மாறிவிடுகிறது. படம் தன் முடிவைப் பல விதமாகச் சொல்லிப் பார்க்கிறது. நாவலோ மங்கை மேடையை நோக்கி நடக்கவிட்டு, நியூட்டனின் ஒரு லத்தீன் வாசகத்தோடு சட்டென்று நின்றுவிடுகிறது. படம் பார்த்தவர்கள் நாவலைப் படிக்காமல் விட்டால் அந்தக் கசப்பையும், நடுவில் அச்சிடப்பட்டுள்ள நாவலுக்குள் நாவலையும் இழப்பார்கள். ஆஸ்கர் வழங்கப்பட்ட சில நாட்களிலேயே 'ஜேம்ஸ்' கடைகளுக்கு வந்ததால், படம் அவருடைய பெயரைப் பரப்பியதில் பெரும் பங்கு வகித்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

தென் கரோலினா சட்டமன்றத்தில் நடந்தது என்ன?

1989இல் அந்த மாநிலச் சட்டமன்றத்தில் உரையாற்ற அவர் அழைக்கப்பட்டார். அப்போது அங்கே கூட்டமைப்புக் கொடி, அதாவது அடிமைமுறையைக் காக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய தென் மாநிலங்களின் கொடி, பறந்துகொண்டிருந்தது. அந்தக் கொடியைக் காரணம் காட்டி அவர் தன் உரையைத் தொடர மறுத்துவிட்டார். சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடத்திலிருந்து அக்கொடி இறங்கியது 2000இல். வளாகத்திலிருந்தே அகன்றது 2015இல்.

1996இல் அவர் எழுதிய 'தி அப்ரோப்ரியேஷன் ஆஃப் கல்ச்சர்ஸ்' என்னும் சிறுகதை இதற்கு ஒரு பதிலைப் போல இருக்கிறது. அதில் ஒரு கறுப்பின இளைஞன், வெள்ளை மாணவர்கள் சீண்டலாகக் கேட்கும் 'டிக்ஸி' என்னும் தென்னகப் பாடலைக் கிதாரில் மனமாரப் பாடி அதைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறான். பிறகு அந்தக் கொடி ஒட்டப்பட்ட ஒரு வண்டியையும் வாங்குகிறான். எதிரியின் சின்னத்தைப் பறித்துக்கொண்டால் அது எதிரிக்குப் பயன்படாமல் போகும் என்னும் எண்ணம் மிக எளிதாக, கிட்டத்தட்ட மகிழ்ச்சியாகவே சொல்லப்படும் கதை. 'டிக்ஸி'யை இயற்றியதாகக் கருதப்படும் டேனியல் டிகேட்டர் எம்மெட் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் 'ஜேம்ஸ்' நாவலில் ஒரு பாத்திரமாகவே வந்து நிற்கிறார். எவரெட்டின் நூல்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்பவர்களுக்கு நான் காட்டும் முதல் சான்று இதுதான்.

'தி ட்ரீஸ்' நாவலில் ஒரு படுகொலையை வைத்துச் சிரிக்க வைக்கிறாரே, அது முறையா?

இது நியாயமான கேள்வி. 1955இல் மிசிசிப்பி மாநிலத்தின் மணி என்னும் சிற்றூரில், பதினான்கு வயது எம்மெட் டில், ஒரு வெள்ளைப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்று சொல்லிக் கடத்திக் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு கொலையாளிகளை விடுவித்தது. பின்னர் அவர்களே ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். 2021இல் வெளியான எவரெட்டின் நாவல் அதே ஊரில் தொடங்குகிறது. அந்தக் கொலையாளிகளின் வாரிசுகள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் டில்லை ஒத்த ஒரு கறுப்பு உடல் கிடக்கிறது, பிறகு அது பிணவறையிலிருந்து மறைகிறது. துப்பறிய வரும் இரண்டு கறுப்பின அதிகாரிகளின் பேச்சு வாய்விட்டுச் சிரிக்க வைக்கும்.

சிரிப்பு யாரைக் குறித்து எழுகிறது என்று பார்க்க வேண்டும். வெறுப்பாளர்களின் மூடத்தனத்தை நோக்கியே அது எழுகிறது. இறந்தவர்களை அது ஒரு வரியில்கூடத் தீண்டவில்லை. நாவலின் நடுவில் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது. நூறு வயதைக் கடந்த ஒரு மூதாட்டி, கும்பல் கொலையில் இறந்தவர்களின் கோப்புகளைப் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அவற்றைப் படிக்கும் ஓர் ஆய்வாளர், பெயர்களை ஒவ்வொன்றாகப் பென்சிலால் எழுதத் தொடங்குகிறார். பக்கம் பக்கமாகப் பெயர்கள் மட்டுமே வருகின்றன. எழுதும்போது அவர்கள் உண்மையான மனிதர்களாகிறார்கள் என்றும், எழுதி முடித்ததும் அழித்து அவர்களை விடுவிப்பேன் என்றும் அவர் சொல்கிறார். அந்தப் பக்கங்களை நான் ஒரு பெயரையும் தாண்டாமல் வாய்விட்டுப் படித்தேன். அப்படித்தான் அவற்றைப் படிக்க வேண்டும் என்று இப்போதும் நம்புகிறேன்.

இந்நாவல் 2022 புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்றது. நகைச்சுவைப் புனைவுக்கான பாலிஞ்சர் எவ்ரிமேன் வுட்ஹவுஸ் பரிசையும் பெற்றது. அந்த ஆண்டின் புக்கரை வென்றவர் இலங்கையின் ஷெஹான் கருணாதிலக்க. உள்நாட்டுப் போரின் கொலைகளை, இறந்த ஒருவனின் குரலில், கறுப்பு நகைச்சுவையோடு எழுதிய நாவலுக்காக அவர் அதைப் பெற்றார். விடுபடாத பிணங்களைச் சிரிப்பினூடே பேசவைத்த இரண்டு நாவல்கள் ஒரே பட்டியலில் அருகருகே நின்றதை, அந்தப் போரின் நினைவைச் சுமக்கும் தமிழ் வாசகர்கள் கவனித்திருக்க வேண்டும்.

'டெலிஃபோன்' நாவலுக்கு மூன்று வடிவங்கள் உண்டு என்பது உண்மையா?

உண்மை. 2020இல் ஒரே தலைப்பில், அட்டையில் மிகச் சிறிய வேறுபாடுகளோடு, மூன்று வடிவங்கள் வெளியாயின. தன் கையில் இருப்பது எது என்று வாசகருக்குச் சொல்லப்படவில்லை. மகளின் தீராத நோயைத் தடுக்க முடியாத ஒரு நிலவியலாளரின் கதை அது. நம்மால் மாற்ற முடியாததை எதிர்கொள்ளும் கதைக்கு மாறும் முடிவுகள் வைத்தது வெறும் வித்தை ஆகாது. 2021 புலிட்சரின் இறுதிப் பட்டியலுக்கு அது தேர்வானது.

'ஜேம்ஸ்' நாவலின் சிறப்பு எதில் இருக்கிறது?

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் சிறுவன் ஹக்கோடு மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் தப்பிச் செல்லும் அடிமை ஜிம்தான் இங்கே கதைசொல்லி. எவரெட் ட்வைனின் நூலைத் தொடர்ந்து பதினைந்து முறை படித்து, அதன் சொற்கள் தன்னிடமிருந்து மங்கும்வரை காத்திருந்து எழுதினார் என்று நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ட்வைன் மீது அவருக்கு மதிப்பு உண்டு. 'ஜேம்ஸ்' ஒரு வழக்கறிஞரின் எதிர்வாதமாக எழுதப்படவில்லை.

நாவலின் அச்சாணி மொழி. ஜேம்ஸும் பிற அடிமைகளும் தங்களுக்குள் செம்மையான ஆங்கிலம் பேசுகிறார்கள். வெள்ளையர் காதில் விழும்போது மட்டும் கொச்சைக்கு மாறுகிறார்கள். தொடக்கத்தில் ஜேம்ஸ் குழந்தைகளுக்கு ஒரு பாடம் நடத்துகிறான். சமையலறையில் தீப்பிடித்தால் எஜமானியிடம் எப்படிச் சொல்வது? 'தீ' என்று சொல்லிவிடக் கூடாது. 'அங்கே பாருங்கம்மா' என்று காட்டி, தீ என்பதை அவளே கண்டுபிடித்துப் பெயர் சொல்ல விட வேண்டும். ஆபத்துக்குப் பெயரிடும் உரிமையும் எஜமானர்களுக்கே என்னும் விதியை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை.

ஆளுக்கேற்பப் பேச்சு மாறுவதைக் குழந்தைப் பருவத்திலிருந்தே அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த இடம் விளக்கமின்றியே புரியும். ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு அது பெரும் சோதனை. அந்தக் கொச்சைக்கு ஏதேனும் ஒரு வட்டாரத்தின், ஒரு சாதியின் பேச்சைக் கொடுத்தால் அந்த மக்களை இழிவுபடுத்தியதாகும்; கொடுக்காவிட்டால் நாவலே நகராது.

அடுத்து, பென்சில். ஜேம்ஸ் எழுத வேண்டும் என்பதற்காக ஓர் அடிமை சிறு பென்சில் ஒன்றைத் திருடித் தருகிறான்; அதற்காக அவன் கொல்லப்படுகிறான். அதன்பின் ஜேம்ஸ் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஓர் உயிரின் விலை உண்டு. அழித்தலையே தலைப்பாகத் தாங்கிய 'எரேஷர்', பெயர்களைப் பென்சிலால் எழுதும் 'தி ட்ரீஸ்', பென்சிலுக்காக ஒருவன் சாகும் 'ஜேம்ஸ்' ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது, யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்பதை இவர் இருபதாண்டுகளுக்கும் மேலாக விடாமல் கேட்டுவந்திருப்பது தெரிகிறது.

அந்த நாவல் மீது மறுப்புகளே இல்லையா?

உண்டு, சிலவற்றை நானும் ஏற்கிறேன். நாவலின் பிற்பகுதியில் ஹக்கின் பிறப்பைப் பற்றி வெளிப்படும் ஓர் உண்மை (இன்னும் படிக்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன்) எனக்கு நெருடலாகவே இருக்கிறது. ரத்த உறவு இல்லாமலே ஒரு வெள்ளைச் சிறுவனும் ஒரு கறுப்பினப் பெரியவரும் ஒருவரையொருவர் நேசிக்க முடிந்ததுதான் ட்வைனின் நூலில் உயர்ந்தது. இங்கே அதன் எடை குறைகிறது. அடிமைகளின் பேச்சுமொழியை முழுக்க முகமூடியாகக் காட்டுவதிலும் ஓர் இழப்பு இருக்கிறது. அந்த மொழிக்கே உரிய இலக்கணமும் பாடலும் கதைமரபும் உண்டு. அதுவும் அவர்களுடைய படைப்பே. கனவில் ஐரோப்பியத் தத்துவவாதிகளான வால்டேரோடும் ஜான் லாக்கோடும் ஜேம்ஸ் வாதிடும் பகுதிகள் கருத்தளவில் கூர்மையானவை என்றாலும், ஆற்றில் நடக்கும் பகுதிகளின் உயிர்த்துடிப்பு அவற்றில் இல்லை.

2025 புலிட்சர் தேர்வில் சர்ச்சை எழுந்தது ஏன்?

புனைவுக்கான நடுவர் குழு மூன்று நாவல்களைப் பரிந்துரைத்தது. 'ஜேம்ஸ்' அவற்றில் இல்லை. அந்த மூன்றில் எதற்கும் புலிட்சர் வாரியத்தில் பெரும்பான்மை கிடைக்காததால், நான்காவதாகக் கருதப்பட்ட 'ஜேம்ஸ்' தேர்வானது. 2012இல் இதேபோல் பெரும்பான்மை இல்லாதபோது புனைவுக்குப் பரிசே வழங்கப்படவில்லை. விதிகளுக்குள் நடந்ததே என்றாலும், அந்த மூன்று நாவல்களும், அதிலும் முக்கியமாக மூத்த எழுத்தாளர் கெய்ல் ஜோன்ஸின் நாவல், பெற்றிருக்க வேண்டிய கவனம் இந்தப் பேச்சில் கரைந்துபோனது எனக்கு வருத்தமே. நெடுங்காலம் ஓரத்தில் நின்ற எவரெட்டின் வெற்றி இன்னொருவரை ஓரத்துக்குத் தள்ளியதாக ஆகிவிடக் கூடாது.

கல்விப்புலத்தில் அவருக்கு இருக்கும் இடம் என்ன?

பொதுவாசகர்களுக்கு முன்பே ஆய்வாளர்கள் அவரைக் கண்டுகொண்டார்கள். பிரான்சில் ஆக்ட் சூட் பதிப்பகம் அவருடைய நூல்களைத் தொடர்ந்து வெளியிட்டுவந்தது. மொழிபெயர்ப்பாளரும் பேராசிரியருமான ஆன்-லோர் திஸ்ஸூ அவற்றில் பலவற்றை மொழிபெயர்த்தார். எவரெட்டின் எழுத்தை ஆராய்வதற்கென்றே ஒரு பன்னாட்டுச் சங்கமும் இயங்குகிறது. தேசியப் புத்தக விமர்சகர்கள் வட்டத்தின் வாழ்நாள் சாதனை விருது 2021ஆம் ஆண்டுக்காகவும், விண்டம் கேம்பல் பரிசு 2023இலும் கிடைத்தன. எல்லாம் 'ஜேம்ஸ்' வருவதற்கு முன்பே.

எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?

பலரும் 'ஜேம்ஸ்' என்பார்கள். அதற்கு ட்வைனின் நாவலை முன்பே படித்திருந்தால் நல்லது, கட்டாயமில்லை. ஒரே ஒரு நாவலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் 'எரேஷர்' நூலையே கொடுப்பேன். அதையும் எடுக்கத் தயங்குபவர்கள், கிதாரில் 'டிக்ஸி' பாடும் இளைஞனின் அந்தச் சிறுகதையிலிருந்து தொடங்கலாம். ஒரு மாலைப்பொழுது போதும். அதை முடித்தபின் 'ஜேம்ஸ்' நூலைத் திறந்தால், முதல் பக்கங்களில் கதைக்கு முன்பாகவே டேனியல் எம்மெட்டின் குறிப்பேட்டுப் பாடல்கள் வரிசையாக நிற்கும். அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று அப்போது யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.